சாவி மாடத்தில் மூக்குப்பொடி

அத்தியாயம் 9

பல் வலியோடு வந்த ஆளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நிதானமாக உள்ளே பார்த்துவிட்டு எர்மெலிண்டா சொன்னாள்.

"கடைவாய்ப் பல்லுதான். ஆனா நான் டாக்டர் இல்ல தம்பி. இது பழைய சாமான் கடை."

வந்தவன் வாயை மூட மறந்துவிட்டான். "வாசல்ல பல் டாக்டர்னு போர்டு இருக்கே?"

"போர்டும் விக்கிறதுக்குத்தான். நீ உக்காந்திருக்கிற நாற்காலியும் விக்கிறதுக்குத்தான். சேத்து எடுத்துக்கிறியா, விலை பாத்துப் போட்டுத் தரேன்."

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். மூலையில் கிடந்த சினிமாக் கொட்டகை நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த ஃபெனியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த தோமாசியா பிலா சிரிக்கவில்லை. தலைநகர் மபூட்டோ போலீசில் பாதி ஆயுசைக் கழித்து, மேலே இருந்தவர்களோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிகிற அம்மணி அவர். ஃபெனியாஸ் அவருடைய உதவியாளன். உதவியாளன் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஆட்டோ அவனுடையது, பெட்ரோல் பாதி நேரம் அவனுடையது, திட்டு மட்டும் அவருடையது.

பைஷா கடைத்தெருவில் இந்தக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. பல் டாக்டர் நாட்டை விட்டுப் போன பிறகு பூட்டிக் கிடந்த இடத்தை எர்மெலிண்டாவும் அவள் புருஷன் அர்மிண்டோவும் வாடகைக்குப் பிடித்தார்கள். மூடிப்போன ரொட்டிக் கடையின் சலவைக்கல் மேடை, கிழக்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்த தையல் மிஷின்கள், கப்பல் விளக்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன சாப்பாட்டு மேசை என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சாமான்களைக் கொண்டுவந்து சம்பந்தப்படுத்தி வைத்தார்கள். ஊர் ஊராகப் போய் வாங்கி வருவது அவன் வேலை. கரையான் ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் அடியில் மண்ணெண்ணெய் டப்பா வைத்து, துடைத்து, பளபளப்பாக்கி, வருகிற ஆளின் செருப்பைப் பார்த்து விலை சொல்வது இவள் வேலை.

போன மழைக்காலத்தில் இன்யம்பானே பக்கம் சாமான் வாங்கப் போன அர்மிண்டோ திரும்பி வரவில்லை. வண்டியும் வரவில்லை. போலீஸ் தேடிப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு மாதமாக தோமாசியா தேடுகிறார். வழியில் இருக்கிற ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சிறைச்சாலை எல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. வெறுங்கை. இன்றைக்குக் காலையில் எர்மெலிண்டாவே போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தாள்.

அவள் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மூலையில் இருந்த ஒரு போர்வையை விலக்கினாள்.

"இதுதான் அக்கா."

ஓட்டல்களில் அறைச் சாவி வைக்கிற மர மாடம். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பொந்துகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பித்தளைக் கொக்கி. கருஞ்சிவப்பு ஜம்பிரே மரம். மேல் ஓரத்தில் உடைந்த துண்டுக்குப் பதிலாக யாரோ வெளிர் மரத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். எர்மெலிண்டா தன் போனை நீட்டினாள். அதில் அதே மாடம், அதே ஒட்டு. கீழே அர்மிண்டோ அனுப்பிய சேதி, 'வாங்கிட்டேன்.' அவனிடமிருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான்.

"எப்படி வந்துச்சு?" என்றார் தோமாசியா.

"நேத்து ஷிபமனினே சந்தைக்கார தியோனிசியோ கைவண்டில கொண்டுவந்தான். பாத்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் பேரம் பேசினேன் அக்கா. பேசாம வாங்கினா சந்தேகப்படுவான்ல. பாதி விலைக்குக் கேட்டு, சண்டை போட்டுத்தான் வாங்கினேன்."

தோமாசியா மாடத்தைச் சுற்றி வந்தார். முகர்ந்து பார்த்தார். ஃபெனியாஸும் தன் பங்குக்குக் கடைசி வரிசைப் பொந்து ஒன்றில் மூக்கை நுழைத்தான். அடுத்த நொடி தும்மினான். மறுபடி தும்மினான். கண்ணில் தண்ணீர் வழிய, "உள்ள எவனோ மூக்குப்பொடி வச்சிருக்கான்" என்றான்.

எர்மெலிண்டா அவனைத் தள்ளிவிட்டு விரலை உள்ளே விட்டாள். மூலையில் கட்டைவிரலால் அழுத்தி வைத்த ஒரு சிட்டிகை பொடி. விரல் நுனியை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தில் ஃபெனியாஸ் பார்த்தே இராத ஒரு வெளிச்சம் வந்தது.

"அவர் உயிரோட இருக்கார் அக்கா."

"நிதானமா சொல்லு."

"சாமான் விக்கிறதுக்கு முன்னாடி அவர்தான் இப்படி வைப்பார். வீட்டுல இருந்து வந்த சாமான்னா அந்த வீட்டுல செத்தவங்க சாமான் கூடவே வந்துடுவாங்கன்னு வாங்கறவங்க பயப்படுவாங்கல்ல. அதுக்காக ஒரு மூலைல ஒரு சிட்டிகை பொடி வச்சு, ஐயா, அம்மா, உங்க பொருளை நல்ல இடத்துக்குத்தான் அனுப்பறோம், பின்னாடியே வராதீங்கன்னு சொல்லுவார். அவங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டது. பைஷால வேற எந்தக் கடைலயும் இது கிடையாது."

ஃபெனியாஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு பல் டாக்டர் நாற்காலியைக் காட்டினான். "இதுக்கும் வச்சாரா? இதுல எத்தனை பேருக்கு உயிர் போச்சோ."

"ஆஸ்பத்திரி, ஆபீஸ், கொட்டகைக்கெல்லாம் ஏது மூதாதை? அதுக்கு வைக்க மாட்டார்." எர்மெலிண்டா கண்ணைத் துடைத்தாள். "அவர் கைதான் அக்கா இது. அவரேதான் வித்திருக்கார். வேற எவகூடயாவது இருக்காரோ என்னவோ. இருந்துட்டுப் போகட்டும். செத்துட்டார்னு தெரிஞ்சா கருப்புத் துணி கட்டியிருப்பேன், உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா போய் நாலு அறை விட்டிருப்பேன். ரெண்டும் இல்லாம ஒரு வருஷமா மேசைக்குத் தூசி தட்டிக்கிட்டுக் கிடக்கேன். எதுனாலும் சரி, எனக்குத் தெரியணும்."

"அவர் வீட்டுக்காரங்க?"

"அவங்க அக்கா அல்சிந்தா அண்ணி மட்டும்தான் வந்து போவாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே. போன வாரம்கூட மரவள்ளிக் கீரை கொண்டுவந்து குடுத்துட்டு, ஏதாவது சேதி உண்டான்னு கேட்டு அழுதுட்டுப் போனாங்க. அண்ணன் தம்பிங்க முரட்டு ஆளுங்க, சொந்த ஊரு மரக்குவெனே பக்கமே நீ வந்துடாதேன்னு அவர் முன்னாடியே சொல்லிவச்சிருக்கார்."

தோமாசியா இன்னொரு தடவை பொந்துகளை முகர்ந்தார். "கிளம்புடா" என்றார் ஃபெனியாஸிடம்.

*

ஷிபமனினே சந்தையில் கிடைக்காதது எது என்று யாராவது கேட்டால், நிம்மதி என்பான் ஃபெனியாஸ். மருந்து வேர்களுக்கும் கோழிக் கூண்டுகளுக்கும் நடுவில், கால் உடைந்த கட்டில்களின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான் தியோனிசியோ. சாவி மாடம் என்றதும், "எங்க தாத்தா சொத்தும்மா அது" என்று நெஞ்சில் கை வைத்தான்.

"உங்க தாத்தா ஓட்டல் வச்சிருந்தாரா?"

"பெரிய ஓட்டல்."

"ரூமுக்கு ரூம் பஜியா போட்டுக் குடுத்தாரோ? பொந்தெல்லாம் எண்ணெயும் பயத்தமாவும் நாறுது. பக்கத்துல தீப்பெட்டி உரசின கோடு வேற." தோமாசியா கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது. "பஜியாக் கடைல தீப்பெட்டி, மெழுகுவத்தி, டீத்தூள் பொட்டலம் அடுக்கி வச்சிருந்திருக்காங்க. எந்த ஊர் பஜியாக் கடை?"

தியோனிசியோ இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். வலது பக்கம் ஃபெனியாஸ் நின்றான்.

"பொய் சொல்றதுன்னா சீக்கிரம் சொல்லு அண்ணே, ஆட்டோக்கு வெயிட்டிங் ஓடுது" என்றான் ஃபெனியாஸ்.

"மரக்குவெனே. ஆத்தங்கரைல, பழைய படகுத்துறைக்கிட்ட. ஒரு பொம்பள. எடுத்துட்டுப் போ, ஆனா பைஷா பக்கம் மட்டும் வித்துடாதேன்னு சொன்னா."

"அப்புறம் ஏன் பைஷால வித்த?"

"அவ சொன்னதுக்கு அப்புறம்தான்மா எனக்கே தோணுச்சு, பைஷால நல்ல விலை போகும்போலன்னு."

இந்த ஆளைக் கட்டிக்கொண்டு எந்த மகராசி காலம் தள்ளுகிறாளோ என்று நினைத்துக்கொண்டு ஃபெனியாஸ் ஆட்டோவைக் கிளப்பினான்.

மரக்குவெனே சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவன் உயிருக்குப் பயப்படாதவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோமாசியாவுக்குப் பயப்படுகிறவனாக இருக்க வேண்டும். தெற்கே போகிற லாரிகளும் வடக்கே போகிற பஸ்களும் உரசிக்கொண்டு போக, ஃபெனியாஸ் ஓரமாக உருட்டிக்கொண்டே வாயை ஓட்டினான்.

"கணக்கு நேராயிடுச்சு அக்கா. சொந்த ஊர் மரக்குவெனே. அங்க ஒருத்தியைச் செட்டப் பண்ணி வச்சிருக்கான். பஜியாக் கடை போட்டுக் குடுத்திருக்கான். கை கடிச்சதும் சாமானை வித்திருக்கான். பழக்கதோஷம், விக்கும்போது பொடியையும் வச்சுட்டான். எர்மெலிண்டாக்கா கையில சாப்பாட்டு மேசைக் காலு ஒண்ணு குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கணும். ஒரே அடி, கேஸ் முடிஞ்சுது."

பின்சீட்டிலிருந்து ஒரு கை அவன் தோளைத் தட்டியது. "ஏன்டா, அது என்ன ஓட்டல்?" என்றார் தோமாசியா.

"யாருக்குத் தெரியும். வியாபாரம் படுத்த ஓட்டல். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாரு."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். போலீஸ் காலத்தில் பிண அறைக்குள் நுழைவதற்கு முன் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் ரோட்டைப் பார்த்தான்.

*

படகுத்துறைப் பக்கம் தகரக் கொட்டகை போட்ட கடை. வாசலில் ஒரு பெண் பன்னைப் பிளந்து பஜியா வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை மழித்து இப்போதுதான் முடி முளைக்கிறது. இடுப்பில் மடிப்புக் கோடு கலையாத புதுக் கப்புலானாத் துணி, புது ரவிக்கை, காலில் புதுச் செருப்பு.

ஃபெனியாஸ் தோமாசியாவின் காதருகே குனிந்தான். "சொன்னேன்ல. இவதான். சாதாரண நாள்லயே அடி முதல் முடி வரைக்கும் புதுசா வாங்கிக் குடுத்திருக்கான் பாருங்க. ஆள் பின்னாடிதான் எங்கயோ படுத்திருப்பான்."

"மொத்தமும் புதுசா ஒரே நாள்ல யாருக்குடா கட்டுவாங்க?"

"கல்யாணப் பொண்ணுக்கு."

"இன்னொருத்தருக்கும் கட்டுவாங்க" என்றார் தோமாசியா.

அதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து ஜல்லடைக் கரண்டியோடு ஒரு பெரிய உருவம் எட்டிப் பார்த்தது. அல்சிந்தா. எர்மெலிண்டாவுக்குக் கீரை கொண்டுவருகிற அல்சிந்தா. முதல் வாரமே தோமாசியா இவளைக் கடையில் வைத்து விசாரித்திருக்கிறார். என் தம்பியை யாரும் இந்தப் பக்கம் பாக்கலம்மா என்று இவள் சொன்னதை நம்பி, இவள் சமைத்துக் கொண்டுவந்ததையும் சாப்பிட்டிருக்கிறார். தன்மேலேயே அவருக்கு வந்த கோபம் தாடையில் தெரிந்தது.

அல்சிந்தா ஓடவில்லை. அந்த இளம்பெண்ணிடம், "ரெபெக்கா, ஆத்துல போய்த் தண்ணி எடுத்துட்டு வாம்மா" என்றாள். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த குடம் இருந்தது. ரெபெக்கா அதைப் பார்த்தாள், அல்சிந்தாவைப் பார்த்தாள், காலிக் குடம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

தோமாசியா கடை பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு கேள்விதான் அல்சிந்தா. அந்த ஓட்டல்ல உங்களுக்கு யாரு செத்தாங்க?"

ஃபெனியாஸுக்குப் புரியவில்லை. அல்சிந்தாவுக்குப் புரிந்தது. அடுப்பிலிருந்து வாணலியை இறக்கினாள்.

"ஓட்டலுக்கு ஏது மூதாதை" என்றார் தோமாசியா. "அர்மிண்டோவா இருந்தா அந்த மாடத்துல பொடி வச்சிருக்கவே மாட்டான். ஓட்டல் சாமான், ஆபீஸ் சாமானுக்கு அவன் வச்சதே கிடையாது. அதை ஒரு செத்த மனுஷனோட பொருளா நினைச்ச யாரோதான் வச்சிருக்காங்க. ஓட்டலுக்கு அப்புறம் அந்த மாடத்துக்குச் சொந்தக்காரன் ஒருத்தன்தான். வைக்கிற முறையை அவன் அவங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டான். அதே அம்மாதானே உங்களுக்கும்?"

அல்சிந்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டாள். அழவில்லை. மூச்சு வாங்கினாள்.

"காய்ச்சல்ல வந்து படுத்தான்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் இன்யம்பானேல இருந்து திரும்பும்போது ரெண்டு நாள் இங்க தங்கிட்டுத்தான் பட்டணம் போவான். ரோடு சரியில்லைன்னு எர்மெலிண்டாகிட்ட சொல்லிக்குவான். அந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கும்போதே உடம்பு கொதிச்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். போய்ச் சேர்றதுக்குள்ளயே உயிர் போயிடுச்சு."

"ரெபெக்கா?"

"சின்ன வயசுலயே முறையா பரிசம் போட்டுக் கட்டினவ. ரெண்டு புள்ளைங்க. அவதான் துக்கத்துக்குப் பாய்ல உக்காந்தா. போன வாரம்தான் வருஷம் முடிஞ்சு கருப்புத் துணியை அவுத்துப் புதுசு கட்டிவிட்டோம். அவன் துணி, சாமான் எல்லாத்தையும் பங்கு வச்சாங்க. கடைல பொட்டலம் அடுக்கியிருந்த அந்த மாடத்தை யாரும் கேக்கல. பங்கு வச்சதுக்கு அப்புறம் வச்சிருக்கவும் கூடாது. அதான் பொடி வச்சு, தம்பி, இதுக்குப் பின்னாடி போகாதடான்னு சொல்லி வித்துட்டேன்."

ஃபெனியாஸ் குரலை உயர்த்தினான். "அதுக்கு அப்புறம் அந்தக்கா வீட்டுக்குக் கீரை எடுத்துட்டுப் போய் சேதி உண்டான்னு கேட்டீங்களே. எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"சொல்லத்தான்டா முதல்ல போனேன்" என்றாள் அல்சிந்தா. "உக்கார வச்சு சோறு போட்டா. சொன்னா அழுவா. கருப்பு கட்டுவா. துக்கத்துக்கு இங்க வருவா. இங்க என் அண்ணன் தம்பிங்க இருக்கானுங்க. பட்டணத்துல ஒருத்தன்கிட்ட டிரைவரா இருக்கேன்னுதான் அவனுங்ககிட்ட அர்மிண்டோ சொல்லி வச்சிருந்தான். கடை இருக்குன்னு தெரிஞ்சா ஆளுக்கு ஒரு பங்கு கேப்பானுங்கன்னு பயம். அவன் மூச்சு அடங்கின அன்னைக்கே வண்டியைப் பேரம் பேசினவனுங்க, ஸ்டெப்னி டயருக்கு அடிச்சுக்கிட்டவனுங்க. இப்படி ஒரு கடை, இப்படி ஒருத்தின்னு தெரிஞ்சா மறுநாள் லாரியோட போய் நிப்பானுங்க. பரிசம் போடாத பொம்பளைக்கு என்ன பேச்சு இருக்கு? ஒரு முக்காலிகூட மிஞ்சாது அவளுக்கு."

"அவ வக்கீல் வச்சுப் பேசலாம்" என்றார் தோமாசியா. அவருக்கே அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்பது ஃபெனியாஸுக்குத் தெரிந்தது.

"பேசலாம். பேசி முடியறதுக்குள்ள கடை காலியாயிருக்கும். வாயைத் திறந்து அழக்கூட அவளுக்கு வழியில்லம்மா. என் கடைசித் தம்பி கரி மூட்டை ஏத்திக்கிட்டு பைஷாவுக்குத்தான் போறான். கடைத்தெருவுல ஒருத்தன் காதுல அழுகைச் சத்தம் விழுந்தா சாயங்காலம் சேதி இங்க வந்துடும். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் போவேன். அவ தட்டுல சோறு வைக்கும்போது வாய் அடைச்சுக்கும். நான் அவளுக்கு நல்லது பண்ணினேனா கெட்டது பண்ணினேனான்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லிடுவீங்களா?"

"கண்டுபிடிச்சதைச் சொல்றதுக்குத்தான் என்னை வச்சிருக்கா."

திரும்புகிற வழியில் முந்திரி மரத்தடியில் அர்மிண்டோவைப் புதைத்த மண்மேட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலைமாட்டில் செத்தவனுடைய தட்டும் எனாமல் கோப்பையும் வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துப் போகாமலிருக்க அடியில் ஓட்டை போட்டிருந்தது. கோப்பையில் நீல ரயில் எஞ்சின் படம். அதே எஞ்சின் போட்ட கோப்பைகள் எர்மெலிண்டாவின் சலவைக்கல் மேடையில் வரிசையாக இருப்பதை ஃபெனியாஸ் காலையில்தான் பார்த்திருந்தான்.

*

திரும்பி வந்தபோது கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. புதிதாக பார் திறக்கிற ஒரு ஆள் சினிமா நாற்காலி வரிசையை விலை பேசிக்கொண்டிருந்தான். வெல்வெட்டில் கறை இருக்கிறது என்றான் அவன்.

"கறை இல்ல சார், அது ஜனங்க அழுத இடம். அதுக்கும் சேத்துத்தான் விலை" என்றாள் எர்மெலிண்டா. கைவண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, நாற்காலிகளை ஏற்றி, கயிறு கட்டச் சொல்லி, ஆளை அனுப்பி வைத்தாள். அவ்வளவு நேரமும் அவள் தோமாசியாவின் பக்கம் திரும்பவே இல்லை.

கதவைத் தாழ் போட்டாள்.

"நீங்க கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் அக்கா எனக்கு உறைச்சுது. ஓட்டலுக்கு ஏது மூதாதை. ஆபீஸுக்கும் கொட்டகைக்கும் கிடையாதுன்னு என் வாயாலயே சொல்லிட்டு, அவர் உயிரோட இருக்கார்னு உங்ககிட்டயே கூத்தாடியிருக்கேன்."

தோமாசியா அவளைப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்து, எதையும் மறைக்காமல், எதையும் நீட்டாமல் சொன்னார். வாசலில் மற்ற கைவண்டிக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லாம் மெல்லிய குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது. எர்மெலிண்டா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி கேட்டாள்.

"பாய்ல உக்காந்தவ எப்படி இருக்கா?"

"சின்னப் பொண்ணு மாதிரிதான் இருக்கா."

"புள்ளைங்க அவர் ஜாடையா?"

தோமாசியா பிள்ளைகளைப் பார்க்கவில்லை. ஃபெனியாஸும் பார்க்கவில்லை. "தெரியலக்கா" என்றான் அவன்.

எர்மெலிண்டா கடையைச் சுற்றிப் பார்த்தாள். தையல் மிஷின்கள், கப்பல் விளக்கு, மண்ணெண்ணெய் டப்பாக்களில் நிற்கிற மேசைக் கால்கள். எல்லாம் இவள் முதுகில் சுமந்து ஏற்றியவை, இவள் கையால் துடைத்தவை. ஒன்றுக்கும் இவள் பேரில் ஒரு காகிதம் கிடையாது.

"கேஸை மூடிடுங்க அக்கா. ஆள் அகப்படலன்னு சொல்லிடுங்க. கேக்கிறவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், ஜொகன்னஸ்பர்க்குக்கு எவளோடயோ ஓடிப்போயிட்டார்னு."

"ஊர் சிரிக்கும்மா உன்னைப் பாத்து."

"சிரிக்கட்டும். செத்துட்டார்னு சொன்னா கடை போயிடும். ஓடிட்டார்னு சொன்னா மானம்தானே போகும்."

எர்மெலிண்டாவின் உதடு நடுங்க ஆரம்பித்தது. முந்தானைத் துணியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வாசலில் கைவண்டிக்காரர்களின் பேச்சு நின்றது.

"இங்க வேண்டாம்" என்றார் தோமாசியா. "ஃபெனியாஸ், வண்டியை வாசலோட ஒட்டி நிறுத்து. ரெண்டு பக்கமும் மழைப் படுதாவை இறக்கு."

வெயில் மண்டையைப் பிளந்தது. ஃபெனியாஸ் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டினான். எர்மெலிண்டா கடையைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், கைவண்டிக்காரர்களைப் பார்த்து, சாப்பிட்டுட்டு வந்துடறேன் என்று சிரித்துச் சொல்லிவிட்டு ஏறினாள். தோமாசியா பக்கத்தில் ஏறி அவளை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

கடற்கரைச் சாலைக்கு வந்து, வீடுகள் குறைந்து, காற்று இரைகிற இடம் வந்ததும் அவள் வாயிலிருந்த துணியை எடுத்தாள். அப்படி ஒரு அழுகையை ஃபெனியாஸ் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. பேர் சொல்லி அழுதாள். இன்யம்பானே ரோட்டைத் திட்டி அழுதாள். காய்ச்சலில் ஒரு ஈரத் துணி போட என்னைக் கூப்பிடலையே என்று அழுதாள். அவன் எங்கேயும் நிறுத்தாமல், எங்கே போகிறோம் என்று தெரியாமல், கடலை ஒட்டி ஓட்டிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மீன் சந்தைக்குக் கிட்டே ஒரு டிராபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வெயில் நேரத்தில் படுதா இறக்கின ஆட்டோ. குனிந்து காது கொடுத்துக் கேட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"யாருப்பா செத்துட்டாங்க?"

"யாரும் சாகல சார்" என்றான் ஃபெனியாஸ். "புருஷன் ஓடிப்போயிட்டான்."

போலீஸ்காரர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார். "இதுக்குப் போயா இந்த ஒப்பாரி. போ, போ" என்று வழிவிட்டார்.